எவன் பார்த்த வேலை இது?

பிளம்பர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பையிலிருந்து முதலில் எடுப்பது ரென்ச் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. முதலில் வருவது உச்சுக்கொட்டல். நாக்கை மேலே ஒட்டி ஒரு "த்ச்சு". டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்து இன்னொரு "த்ச்சு". அப்புறம் தலையை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டு, வீட்டுக்காரர் வயிற்றில் புளி கரைகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். நன்றாகக் கரைந்த பிறகுதான் அந்தக் கேள்வி.

"எவன் பார்த்த வேலை இது?"

நம் பிளம்பர் இதில் பெரிய கில்லாடி. இருபத்துமூன்று வருஷ சர்வீஸ். வாஷர் தேய்ந்து சொட்டுகிற குழாயோ, ராவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிற ஃப்ளஷ் டேங்க்கோ, வால்வு மாட்டிக்கொண்ட மொட்டைமாடித் தொட்டியோ, எதுவானாலும் சரி, தனக்கு முன்னால் வந்துபோனவனை ஒரு பிடி பிடிக்காமல் அவர் ஸ்பானரைத் தொட்டதே கிடையாது. வாஷர் என்றால் தேயத்தான் செய்யும், அதற்கு முன்னால் வந்தவன் என்ன செய்வான் பாவம் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் திட்டுவார். தான் போன பிறகு வருகிறவன் தன்னையும் இதேபோலத் திட்டுவான் என்பதும் தெரியும். காதில் விழாத வசவு வசவே இல்லை என்பது அவர் கட்சி. இத்தனை வருஷமாக அந்தக் கட்சி ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு அவர் போய் நின்றது கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று இருந்த கட்டடம். கீழே அக்கா, மேலே தங்கை. கூப்பிட்டது தங்கை. அவரை மாடியம்மா என்றே வைத்துக்கொள்வோம், பிளம்பரும் மனசுக்குள் அப்படித்தான் வைத்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியவர், மருந்துக்கடையில் வேலை, அன்றைக்கு லீவு போட்டிருந்தார். கணவருக்கு வெளியூரில் உத்தியோகம், மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறவர்.

"நாலு மணிக்கு வீடு பார்க்க ஆள் வர்றாங்க," என்றார் மாடியம்மா. "இந்த வீட்டை வித்துட்டு அவர்கிட்டயே போயிடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள கீழ ஏன் கறை வருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. கண்டுபிடிச்சு, அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"யார்கிட்ட மேடம்?"

"கீழ இருக்கறவங்ககிட்ட."

"உங்க அக்கான்னு சொன்னீங்களே?"

"அக்காதான். நீங்களே சொல்லிடுங்க."

பிளம்பருக்குக் கொஞ்சம் பிடிபட்டது. கறையைப் பார்க்கப் பதினெட்டுப் படி இறங்கிக் கீழே போனார்.

கீழ்வீட்டம்மா அறுபதைத் தாண்டியவர். முப்பது வருஷம் ரயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர். ஓய்வு பெற்று வந்தபோது கவுண்டரை விட்டுவிட்டு வந்தார், குரலை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். படுக்கையறையைத் திறந்து காட்டினார். கூரையில் பழுப்பு நிறத்தில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கறை. நடுவில் பூச்சு உதிர்ந்து உள்ளே கான்கிரீட் தெரிந்தது. அதற்கு நேர்கீழே கிடந்த கட்டிலை எதிர்ச்சுவர்வரை தள்ளிப் போட்டிருந்தார். கட்டில் இடிப்பதால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். புடவையை அந்த இடுக்கு வழியாகக் கையை விட்டு உருவ வேண்டும்.

"எட்டு மாசம்," என்றார் கீழ்வீட்டம்மா. "ஒரு நாள் காலைல இத்தனாம் பெரிய துண்டு தலகாணியில விழுந்துச்சு. நான் பல்லு விளக்கப் போயிருந்தேன், தப்பிச்சேன். இல்லேன்னா நீ என் போட்டோவைத்தான் பார்த்திருப்ப."

பிளம்பர் அண்ணாந்து பார்த்து ஒரு "த்ச்சு" போட்டார்.

"மேல இருக்கறவ பண்ற வேலைப்பா. வாஷ்பேசின் லேசா அடைச்சாப் போதும், அந்த வெள்ளைப் பவுடரை டப்பா டப்பாவாக் கொட்டுவா. குழாய் அரிச்சுப்போகாம என்ன பண்ணும்? சொன்னேன். ஒத்துக்கல. நீ சும்மா குறை சொல்லணும்னே சொல்றன்னா. நான் ரெண்டு சொன்னேன், அவ நாலு சொன்னா. அதோட சரி."

"அதோட பேச்சு நின்னுபோச்சாம்மா?"

"பேச்சு ஏன் நிக்குது? அவ பேசறதில்ல. நானும் பேசறதில்ல. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, நேராக இருந்த போர்வையை இன்னொரு தரம் நேராக்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அதாவது தெருமுனை வரைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "நாலு மணிக்கு யாரோ வர்றாங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. மேடம் சொன்னாங்க."

"வரட்டும். எனக்கென்ன வந்துச்சு?" அண்ணாந்து கறையைப் பார்த்தார். "அம்மா அப்பா வீட்டை வித்த காசுல மேலயும் கீழயுமா சேர்ந்து வாங்கினது இது. வயசான காலத்துல ஒருத்திக்கு ஒருத்தி இருக்கணும்னு. அவ போயிட்டா நான் யார்கூடப்பா சண்டை போடறது?"

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாம் பிளம்பருக்குக் கைகொடுக்கிற ஒன்று இருந்தது. அதையே எடுத்துவிட்டார்.

"அம்மா, பவுடர் கிவுடர் எல்லாம் அப்புறம். இந்த லைனைப் போட்டானே ஒரு புண்ணியவான், அவனைச் சொல்லணும். கைவேலை தெரியாதவன்மா. குழாய் போடறவனா அவன்? குழாய் ஊதப் போயிருக்கலாம். அவனை மட்டும் என் கண்ணுல காட்டுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

மேலே போய் அதையே மாடியம்மாவிடமும் சொன்னார், இன்னும் கொஞ்சம் மசாலா தூவி. மாடியம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. எட்டு மாதத்தில் அந்தக் கட்டடத்தின் இரண்டு தளத்திலும் ஒரே கருத்து நிலவியது அந்த அரைமணி நேரம்தான். குழாயை இன்னும் திறந்தே பார்க்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, பிளம்பர் உட்பட.

பிறகு வேலையில் இறங்கினார். வேலை என்று வந்துவிட்டால் அவர் கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாஷ்பேசினை அடைத்து நீர் நிரப்பி, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்து, அடைப்பை உருவிவிட்டார். படியிறங்கிப் போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷத்தில் கறையின் ஓரத்தில் கடுகளவு நீலம் துளிர்த்தது. ஆக, கோளாறு தொட்டியிலும் இல்லை, தரையிலும் இல்லை. வாஷ்பேசினிலிருந்து சுவருக்குள் இறங்கும் கழிவுக் குழாயில்தான். இதற்கு முன் வந்த இரண்டு பேர், ஒருவர் தொட்டிதான் காரணம் என்று சொல்லிவிட்டு, இன்னொருவர் தரையைப் பெயர்த்துப் புது டைல்ஸ் போட வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு "த்ச்சு" போட்டார். இவை நியாயமானவை.

வாஷ்பேசினுக்குக் கீழே இரண்டு டைல்ஸை உளியால் பக்குவமாகப் பெயர்த்தார். பூச்சைக் கொத்தினார். செங்கலை எடுத்தார். தண்ணீரில் ஊறி மண்ணாகிப்போன சிமென்ட் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறக் குழாய், வளைகிற இடத்தில் ஒரு எல்போ. டார்ச்சை அடித்தார். நாக்கை மேலே ஒட்டினார். வாய் வரைக்கும் வந்துவிட்டது, "எவன் பார்த்..."

அங்கேயே நின்றது.

எல்போவின் மேல் இணைப்பில் சிவப்பு மெழுகுக் குச்சியால் போட்ட ஒரு டிக். சாதாரண டிக் அல்ல. வால் நீண்டு மேலே வளைந்து, அடியில் ஒரு புள்ளி வைத்த டிக்.

அந்த டிக்கை உலகத்தில் போடுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் இப்போது குளியலறைத் தரையில் மண்டிபோட்டுத் திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார். இளவயசில், பெரிய கலைஞர்கள் எல்லாம் தங்கள் வேலையில் கையெழுத்துப் போடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, தானும் கலைஞர்தான் என்று நம்பி, அவர் கண்டுபிடித்த கையெழுத்து அது. புள்ளி வைத்தது ஒரு கெத்துக்காக.

அவர் வேலை செய்கிற முறை இது: முதலில் எல்லாத் துண்டையும் பசையில்லாமல் வெறுமனே பொருத்திப் பார்ப்பார். சரியாக உட்கார்ந்தால், ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, பசை தடவி, திருகிச் செருகி, முப்பது எண்ணும் வரை பிடித்து, டிக் போடுவார். டிக் இருந்தால் பசை வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். எல்போவுக்கு மேலே டிக் இருந்தது. கீழே அடுத்த இணைப்பிலும் டிக் இருந்தது. எல்போவின் அடி இணைப்பில் இல்லை. தண்ணீரில் அழிந்திருக்குமோ என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மெழுகு அழியாது என்பதால்தான் மெழுகையே தேர்ந்தெடுத்திருந்தார். அப்போது அது ஒரு நல்ல யோசனையாகத் தெரிந்திருந்தது.

இரண்டு விரலால் குழாயைப் பிடித்து இழுத்தார். "பொளக்" என்று கழன்று கையோடு வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முந்திய அந்தக் காலம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. மூன்று தெரு, நாற்பது குளியலறை. அப்போது இங்கே தெருவே கிடையாது, மண்மேடும் செங்கல் குவியலும்தான். வெறும் சுவராகப் பார்த்த இடத்தை டைல்ஸும் கண்ணாடியும் துண்டுக் கொடியுமாக எப்படி அடையாளம் தெரியும்? கொத்தனார் கலவையோடு நின்றுகொண்டு "பூசிடட்டுமா, பூசிடட்டுமா" என்று அவசரப்படுத்தியிருப்பார். அந்த எல்போவின் முறை வந்தபோது டீ வந்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தவர், அடுத்த இணைப்பில் தொடங்கியிருக்கிறார். குழாயை அடைத்து நீர் நிரப்பி ஒரு ராத்திரி நிறுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. "பூசு, பூசு" என்றிருக்கிறார். சுவரின் பூச்சு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஒன்பதாவது வருஷம் அதுவும் கைவிட்டுவிட்டது.

'டேய் மேதாவி,' என்று தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டார். 'குழாய் ஊதப் போயிருக்கலாம்னு சொன்னியே, யாரைடா சொன்ன?'

"என்னாச்சு பிளம்பர்? தெரிஞ்சுதா?" என்று வெளியிலிருந்து மாடியம்மா.

"பார்த்துக்கிட்டே இருக்கேன் மேடம்."

கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார். குரலை முடிந்த மட்டும் அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"புரியல. யாரு போட்ட குழாய்?" என்றாள் மனைவி.

"காலைல இருந்து ரெண்டு வீட்டுலயும் ஒரு மடையனைத் திட்டிக்கிட்டிருந்தேன். அது நான்தான்."

மறுமுனையில், அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. அது ஓய்கிற வரைக்கும் பிளம்பர் காத்திருந்தார். வேறு வழி இல்லை.

"சிரிச்சு முடிச்சாச்சா? என்ன பண்றதுன்னு சொல்லு."

"யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது."

"அப்போ பசையைப் போட்டு மூடிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, சோறு இறங்கல, தூக்கம் வரலன்னு என் உயிரை எடுக்கக் கூடாது. முடியும்னா மூடுங்க. உங்களால முடியாது, எனக்குத் தெரியும். வெச்சுடறேன், அடுப்புல பால் இருக்கு."

போனை வைத்துவிட்டு யோசித்தார். மூடத்தான் நினைத்தார், அதை மறைப்பானேன். 'பழைய லைன் மேடம், காலம் ஆயிடுச்சு' என்று சொன்னால் போயிற்று. ஊரில் அவருக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். இருபத்துமூன்று வருஷமாக ஊரார் வேலையில் குற்றம் கண்டுபிடித்துச் சேர்த்த பேர். இந்த ஓட்டை வெளியே தெரிந்தால், இந்தத் தெருவில் மட்டும் பதினான்கு குளியலறை அவர் போட்டவை. ஆளுக்கு ஆள் உளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"ஏம்ப்பா பிளம்பர்!" கீழேயிருந்து கவுண்டர் குரல் எழும்பி வந்தது. "இங்க வந்துட்டுப் போ!"

இறங்கிப் போனார். கீழ்வீட்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உடைச்சுப் பார்த்துட்டல்ல? பவுடர்தானே?"

பிளம்பர் தலையாட்டவில்லை என்பதற்கு அவரே பின்னாளில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. "பவுடரும் நல்லதில்லதாம்மா..." என்று இழுத்தது அது.

அவர் எதிர்பார்த்தது, 'நான் சொன்னேன்ல!' என்று ஒரு வெற்றி முழக்கம். அது வரவில்லை. கீழ்வீட்டம்மாவின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

"அப்போ அவ தப்புதானா?" என்றார். "வேற ஏதாவதா இருக்கும்னு நெனச்சேன். வேற ஏதாவதா இருந்தா, நானே மேல போய், ஏண்டி இப்படி நடந்துக்கிட்டோம்னு கேட்டிருக்கலாம். இப்போ எப்படிப் போறது? நான் ஜெயிச்சுட்டேன், நீ தோத்துட்டன்னு சொல்லிக் காட்டப் போன மாதிரி ஆயிடும். சரி விடு. போகட்டும் அவ."

பிளம்பர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே மாடியம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். கீழே பேசியதெல்லாம் காதில் விழாமலா இருக்கும்? கவுண்டர் குரல் ஆயிற்றே.

"பவுடர்தான்னு சொல்லிட்டீங்களாக்கும்," என்றார். "நல்லது. இனிமே பார்க்கறப்ப எல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவா. பார்க்கவே வேணாம். நாலு மணிக்கு வர்றவங்க என்ன விலை சொன்னாலும் சரின்னு சொல்லிடப் போறேன்."

கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

மணி இரண்டரை.

"பவுடர் இல்ல மேடம்," என்றார் பிளம்பர்.

"அப்போ?"

"நான்."

"நீங்கன்னா?"

"இந்த லைனைப் போட்டது நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. ஒரு ஜாயிண்ட்டுக்குப் பசை வைக்காம மறந்துட்டேன். டீ குடிக்கப் போயிருப்பேன்னு நெனைக்கறேன். நீங்களும் தப்புப் பண்ணல, உங்க அக்காவும் தப்புச் சொல்லல... அதாவது சொன்னாங்க, ஆனா அதுக்கும் நான்தான் காரணம்."

மாடியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. பிளம்பர் அவரைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், சிவப்பு டிக்கைக் காட்டி, டிக் இல்லாத இடத்தைக் காட்டி, பையிலிருந்து அதே மெழுகுக் குச்சியை எடுத்துத் தரையில் ஒரு டிக் போட்டுப் புள்ளியும் வைத்துக் காட்டினார். குற்றவாளியே சாட்சியையும் தடயத்தையும் கொண்டுவந்து கொடுத்து, கைநாட்டும் வைக்கிற ஒரே வழக்கு அதுவாகத்தான் இருக்கும்.

மாடியம்மா அந்த டிக்கையும் இந்த டிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மாடியம்மா விறுவிறுவென்று வெளியே போய், மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே குனிந்து ஒரு கத்து கத்தினார்.

"அக்கா! ஏய் அக்கா! இங்க வா! இந்த ஆளு என்ன சொல்றான்னு வந்து கேளு!"

கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"என்னடி?" என்று வந்தது பதில். கவுண்டர் குரல் அல்ல. மாடிப்படி உச்சிவரைக்கும் சிரமப்பட்டு ஏறி வந்த குரல்.

"மேல வா! படியில பார்த்து வா, முட்டிவலியை வெச்சுக்கிட்டு அவசரப்படாத!"

பதினெட்டுப் படியும் ஏறி வந்தார் கீழ்வீட்டம்மா, எட்டு மாதத்துக்கு அப்புறம். மூச்சு வாங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், இரண்டு பேருமாகச் சேர்ந்து பிளம்பரைப் பார்த்தார்கள். பிளம்பர் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். குழாயை இரண்டு விரலால் இழுத்தும் காட்டினார். "பொளக்."

"இதானா?" என்றார் கீழ்வீட்டம்மா.

"இதாம்மா."

"காலைல என் வீட்டுல நின்னுக்கிட்டு யாரையோ குழாய் ஊதச் சொன்னியே?"

"என்னைத்தாம்மா."

"என்கிட்ட வந்து, அவனுக்குக் கையே இல்லேன்னாரு, அக்கா!" என்றார் மாடியம்மா. "அவன் வீட்டுக்குழாயை அவன்கிட்டயே குடுத்தா மாட்டத் தெரியாதுன்னாரு!"

"கேட்டியாடி? நம்மளை எட்டு மாசம் ஆட்டி வெச்சுட்டு, வந்து நின்னு நாக்கால உச்சுக் கொட்டறான் பாரு!"

"புது டைல்ஸ் போட்ட காசு போச்சுக்கா! தரை பூரா பேர்த்து எறிஞ்சேன்!"

"அதை விடு, என் தலை போயிருக்கும்டி!"

"அய்யோ, அன்னிக்கு விழுந்துச்சே, அடிகிடி பட்டுச்சா உனக்கு? கேக்கணும்னு நெனச்சேன்க்கா. வீம்புல கேக்காமலே விட்டுட்டேன்."

"பல்லு விளக்கப் போயிட்டேன்னேன்ல? ஓ... உன்கிட்ட எங்க சொன்னேன்!"

அவ்வளவுதான். இருவரும் பிளம்பரைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் எடுத்தார். பிளம்பரின் கண்ணைச் சொன்னார்கள், கையைச் சொன்னார்கள், அவர் குடித்த டீயைச் சொன்னார்கள், அந்த டீயைக் கொண்டுவந்தவனைச் சொன்னார்கள். வாசலை இருவரும் அடைத்துக்கொண்டு நின்றதால் தப்பி ஓடவும் வழி இல்லை. வாஷ்பேசினுக்கும் சுவரின் ஓட்டைக்கும் நடுவில் ஒடுங்கி நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். காதில் விழுகிற வசவு எப்படி இருக்கும் என்று இருபத்துமூன்று வருஷத்தில் முதல்தடவையாகத் தெரிந்தது. வலித்தது, பொய் சொல்லக் கூடாது. அவமானத்தில் காது மடல் சூடேறியது. ஆனாலும் அவர்கள் நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது. நடுவில் கொஞ்சம் தொய்வு விழுந்தபோது, "அன்னிக்கு டெஸ்ட்டும் பண்ணாம விட்டுட்டேன்மா," என்று அவரே எடுத்துக்கொடுத்தார். அது இன்னொரு பத்து நிமிஷத்துக்குத் தாங்கியது.

"கூலி வேணாம்மா," என்றார் கடைசியில். "டைல்ஸும் கீழக் கூரைப் பூச்சும் என் பொறுப்பு. நாளைக்குக் காலைல நானே வந்து முடிச்சுக் குடுக்கறேன்."

"கூலி வேற எதிர்பார்த்தியா நீ?" என்றார் கீழ்வீட்டம்மா. தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வாடி, உட்காரணும். முட்டி வலிக்குது."

இருவரும் சமையலறைக்குள் போனார்கள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

பிளம்பர் குழாய் முனையைத் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசையைச் சுற்றிலும் தடவி, கால் சுற்றுத் திருகிச் செருகினார். முப்பது எண்ணினார். நம்பிக்கை இல்லாமல் அறுபது வரைக்கும் எண்ணினார். பசை இறுகட்டும் என்று ஒரு மணி நேரம் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்.

இனி தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மேலே ஒருவர் குழாயைத் திறக்க வேண்டும், கீழே ஒருவர் கூரையைப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு ஆள் தேவை. கூப்பிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனார். உள்ளே கீழ்வீட்டம்மா தலையை இடமும் வலமுமாக ஆட்டி "த்ச்சு" என்று செய்துகாட்டிக்கொண்டிருந்தார். மாடியம்மா மேஜையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மாடியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ஆமாங்க, நாலு மணின்னுதான் சொல்லியிருந்தேன்... இல்லங்க, வரவேணாம்... இல்ல, வேற யாருக்கும் குடுக்கல. எங்கக்கா விட மாட்டேங்கறா. ஆமா. என்ன பண்றது, அக்காவாச்சே."

"நான் எப்போடி சொன்னேன்?" என்றார் கீழ்வீட்டம்மா.

"சொல்லத்தானே வாயைத் திறந்த?"

பிளம்பர் சத்தம் போடாமல் பின்வாங்கினார். தானே போய்க் குழாயைத் திறந்துவிட்டார், தானே படியிறங்கி ஓடினார், கட்டில் இல்லாத இடத்தில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். மறுபடி ஏறி நீலம் கலந்து விட்டார், மறுபடி இறங்கி ஓடி அரைமணி நேரம் பார்த்தார். மூன்றாவது தடவை ஏறி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நாக்கு வெளியே தள்ளியது. கறை இருந்தது. ஆனால் ஒரு சொட்டுக்கூடப் புதிதாக வரவில்லை.

சமையலறையிலிருந்து அந்த நீண்ட குரல் வந்தது. "ஏம்ப்பா! ஒழுகுதா?"

"இல்லம்மா!"

"நல்லாப் பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்துட்டேன்மா!"

"இன்னொரு தடவை போய்ப் பாரு!" என்றன இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில்.